வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டுங்கள்

கணுக்கால் வலி என்று வருகிறவர்களில் பலர் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்: "கீஹோல்ல முடிச்சிடலாமா டாக்டர்?" சின்னத் துளைகள் போட்டு, கேமராவையும் மெல்லிய கருவிகளையும் மூட்டுக்குள் விட்டுச் செய்கிற அறுவைதான் கீஹோல். தையல் சின்னது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். இவை உண்மைதான். ஆனால் எலும்பு மூட்டு அறுவை மருத்துவராக நான் முதலில் யோசிப்பது துளையின் அளவைப் பற்றியல்ல. உள்ளே போனால் அங்கே எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்பதைப் பற்றித்தான்.

அதனால் ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். சிலர் மூட்டின் முன்பக்கம் ஒரு புள்ளியில் சட்டென்று விரலை அழுத்துவார்கள். படியேறும்போதும் குந்தி உட்காரும்போதும் அங்கேதான் பிடிக்கிறது என்பார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்தால் அதே இடத்தில் சுருக்கென்று வலிக்கும். பழைய சுளுக்குக்குப் பிறகு தடித்துப்போன சவ்வோ, எலும்பின் விளிம்பில் வளர்ந்த முள்ளோ மூட்டுக்குள் நசுங்குகிறது என்று பொருள். பிசியோதெரபி செய்தும் மாதக்கணக்கில் அடங்கவில்லையென்றால், அதை உள்ளே போய்ச் சீவி எடுத்துவிடலாம். மூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் எலும்புத் துணுக்குகளும் அப்படித்தான்.

வேறு சிலர் விரலால் காட்ட மாட்டார்கள். கணுக்காலைக் கையால் சுற்றிப் பிடித்து "இது முழுக்க" என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே காணாமல் போயிருக்கும். முழங்காலில் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்காலில் அப்படியல்ல, எப்போதோ ஏற்பட்ட எலும்பு முறிவோ, திரும்பத் திரும்ப வந்த சுளுக்கோதான் பெரும்பாலும் காரணம். மூட்டு முழுக்கத் தேய்ந்த பிறகு உள்ளே விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வதில் பலனில்லை. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டு நடக்கச் சொல்வேன். சில மணி நேரம் வலி மறைந்தால் அதன் ஊற்று மூட்டுக்குள்தான் இருக்கிறது. கொஞ்சமும் குறையவில்லையென்றால் வேறிடத்தில் தேட வேண்டும். சீழ் பிடித்த மூட்டுக்கு மட்டும் இந்த நிதானமெல்லாம் கிடையாது. தாமதிக்காமல் கழுவியாக வேண்டும்.

1931-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பர்மன் என்ற மருத்துவர் சடலங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, கணுக்கால் மூட்டு இந்த முறைக்கு ஏற்றதல்ல, இடம் மிகக் குறுகல் என்று எழுதினார். இன்று 2.7 மில்லிமீட்டர் தடிமனில் கேமரா இருக்கிறது. கருவி மெலிந்தாலும் இடம் அதேதான். வெளிப்பக்கத் துளை போடும் இடத்துக்கு அருகில் தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. பாதத்தைக் கீழே இறக்கி உள்பக்கம் திருப்பி, நான்காவது விரலை மடக்கினால் பலருக்கு அது தோலுக்கடியில் நூல்போலத் தெரியும். பேனாவால் அதன் மேல் கோடு போட்டுக்கொண்டு, அதற்குத் தள்ளித் தோலை மட்டும் கீறுவேன். பிறகு மழுங்கிய முனையால் சதையை விலக்கிக்கொண்டு உள்ளே போவேன். அந்த நரம்பில் பட்டால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும், எரியும். இந்த அறுவையில் வரும் சிக்கல்களில் நரம்புக் காயம்தான் முதலிடம். 'சின்னத் துளைதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கோடுதான் நினைவுக்கு வரும்.

கணுக்கால் மூட்டின் கீழ்ப்பக்க எலும்பான தாலஸின் மேல் உள்ள குருத்தெலும்பு பெயர்ந்தவர்களிடம் நான் அதிக நேரம் பேசுவேன். குழியின் குறுக்களவு சுமார் 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடியில் நுண்ணிய துளைகள் போடுவோம். அறுவையின்போது மூட்டுக்குள் பாய்ச்சும் தண்ணீரை நிறுத்தியதும் ஒவ்வொரு துளையிலிருந்தும் ரத்தமும் கொழுப்புத் துளிகளும் கசிவது திரையில் தெரியும். அந்த ரத்தம் உறைந்து புதிய திசுவாக மாறும். அது பழைய குருத்தெலும்பு அளவுக்கு வலுவானதல்ல. அந்தத் திசு வளர்வதற்காகப் பல வாரங்கள் ஊன்றுகோலோடு, காலில் பாரம் போடாமல் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் வேலைக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர் இதை அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி கால் பிசகுகிறவர்களுக்கு உள்ளே சுத்தம் செய்தால் மட்டும் போதாது. எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் வெளிப்பக்க ஜவ்வு (லிகமென்ட்) தளர்ந்திருந்தால் அதையும் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பிசகும்.

அப்புறம், 'இது முழுக்க' என்று கையால் சுற்றிப் பிடித்தவர்களுக்குக் கீஹோலில் வழியே இல்லையென்று நினைத்துவிடக் கூடாது. மூட்டு பெரிதாகக் கோணாமல் இருந்தால், அதே துளைகள் வழியாக மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சீவிவிட்டு, இரண்டு எலும்புகளையும் திருகாணி போட்டு ஒன்றாகச் சேர்த்துவிடலாம். சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். கணுக்கால் இனி மேலும் கீழும் அசையாது என்றதும் பலர் திகைக்கிறார்கள். பாதத்தின் மற்ற மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பெரும்பாலானவர்கள் சமதரையில் நன்றாகவே நடக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வியையே கேட்கிறார்கள்.