குதிரை இல்லாத துப்பாக்கி

ஜூன் 2

மழை தொடங்கிவிட்டது. மாமாவுக்கு இரவு முழுவதும் இருமல் என்று அத்தை போனில் சொன்னார். அவருடைய பழைய துப்பாக்கியின் கட்டையைப் பருத்தித் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். வால்நட் மரம் இந்த ஈரத்தில் ஊதிவிட்டால் பித்தளைப் பட்டை மறுபடி உட்காராது.

ஜூன் 3

குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் ஒன்றுகூட இல்லை. வெர்னியர் அளவுகோலைக் குழலின் வாயில் வைத்தால் 16.7 மில்லிமீட்டர். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் என்றால் 14.66 காட்ட வேண்டும், உள்ளே மூன்று பள்ளங்கள் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஆக, இது அதன் தம்பி. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே வழுவழுப்பான குழலோடு செய்த 1858 மாதிரி.

வெளியில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. அதே மூன்று இரும்பு வளையங்கள், அதே 39 அங்குலக் குழல், அதே பித்தளை விசைக்காப்பு. உள்ளே பள்ளம் இல்லாததால் குண்டு சுழலாது, தொலைவில் குறி நிற்காது. வெளியில் வேறுபடுவது பின்குறி மட்டும்தான். ரைஃபிளில் ஏணி போல நிமிரும் தகடு இருக்கும், தூரத்துக்கு ஏற்ப உயர்த்தலாம். இதில் அசையாத ஓர் இரும்புக்கட்டி. கறுத்த கைகளில் நல்ல துப்பாக்கி இருக்கக்கூடாது என்று முடிவெடுத்து, அந்த முடிவை இரும்பிலேயே கடைந்து வைத்திருக்கிறார்கள். கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. இதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

மாமாவுக்கு இது திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் காலத்துத் துப்பாக்கி. அந்தத் தலக்குளத்துக்காரர் கையிலேயே இருந்தது என்று என் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். தளவாய் இறந்தது 1809-இல். கேப்பு என்ற சிறு வெடிமூடியை வைத்து அடிக்கும் பூட்டு பிரிட்டிஷ் படைக்கு வந்ததே அதற்கு ஒரு தலைமுறை கழித்துத்தான். இப்போது இதை அவரிடம் யார் சொல்வது?

ஜூன் 4

பூட்டில் குதிரை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியல், இல்லை. தகட்டில் கிரீடம் தெரிகிறது. டவர் என்ற எழுத்துகளும் பாதி தெரிகின்றன. அதன் மேல் 186. கடைசி எண் இல்லை.

ஜூன் 5

அந்தக் கடைசி எண்ணைத் தின்றது புளி. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அத்தை புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார். பித்தளைக்குச் செய்ததை இரும்புக்கும் செய்துவிட்டார். கோபப்பட எனக்கு என்ன உரிமை? தேய்த்தவர் கைதான் இத்தனை நாள் துருவையும் அண்டவிடாமல் வைத்திருக்கிறது. ஆனாலும் கோபம் வருகிறது. விளக்கைச் சாய்த்து, தாழ்த்தி, பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நேரம் 1 போலத் தெரிகிறது. ஒரு நேரம் 4.

ஜூன் 8

கோட்டாற்றில் ஆக்கர் கடைக்கு, பழைய இரும்புக் கடைக்கு, போனேன். "அண்ணாச்சி, நீங்கள் கேட்ட குதிரை வந்திருக்கிறது" என்று காலையிலேயே போன். பார்த்தால் மலையோரத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்றின் குதிரை. லாரிப் பட்டையை அறுத்து அரத்தால் ராவியது. செய்தவன் கெட்டிக்காரன். எனக்கு உதவாது. வாங்கவில்லை என்றால் அடுத்த முறை போன் செய்யமாட்டார் என்று ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9

மாமாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

ஜூன் 11

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தானோடு வாக்குவாதம். துப்பாக்கியை வாங்குபவர் ஒருவரை அவர் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார். திருவனந்தபுரத்துக்காரர், ஏணிக்குறி இருந்தால் விலை கூடும் என்றாராம். அதே காலத்து அசல் ஏணிக்குறி ஒன்று தன்னிடமே உண்டு, இரும்புக்கட்டியை எடுத்துவிட்டு அதை ஒட்டினால் போதும் என்கிறாராம்.

அசல்தான். அதே காலம்தான். ஆனால் இந்தத் துப்பாக்கியில் அது ஒரு நாளும் இருந்ததில்லை. காலம் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறவர்களிடம் எனக்கு இதுதான் சண்டை. போலிப் பாகத்தை நான் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். அசல் பாகத்தைத் தவறான இடத்தில் வைத்தால், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கிறவன் இதை ரைஃபிள் என்றே எழுதி வைப்பான். சிப்பாய்க்கு மட்டமான துப்பாக்கி கொடுத்ததற்கு வெளியில் தெரிகிற ஒரே சாட்சி அந்தக் கட்டி. அதை அழகுபடுத்துகிறோம் என்று எடுத்தெறிவதா?

அத்தான் கேட்டார்: "அப்படியானால் குதிரை மட்டும் எதற்கு? இல்லாததை இல்லாததாகவே விட்டுவிட வேண்டியதுதானே?"

பதில் சொல்வதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார். நல்ல கேள்வி. இரவு முழுவதும் அது தூங்கவிடவில்லை.

ஜூன் 12

இருந்து தொலைந்த பாகத்தை வைக்கலாம். இல்லவே இல்லாத பாகத்தை வைக்கக்கூடாது. அத்தானுக்கு இது பதிலாகுமா தெரியவில்லை. எனக்கு ஆகிறது.

ஜூன் 13

ஜெய்ப்பூரிலிருந்து ஒரு குதிரை பார்சலில் வந்தது. படத்தில் பழையதாகத் தெரிந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, வார்ப்பு. கழுத்து வளைவின் உட்புறத்தில் ஊசிமுனைப் பொத்தல்கள், அச்சு சேர்ந்த கோட்டை அரத்தால் அழித்த தடம். பழைய குதிரை அடித்துச் செய்தது, மேற்பரப்பு கெட்டியாக்கியது, அரம் வைத்தால் வழுக்கும். இதில் அரம் வெண்ணெயில் போல இறங்கியது. துருவும்கூட அமிலத்தில் வரவழைத்த துரு. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14

மாமா கண்விழித்தார். "மருமகனே, குதிரை கிடைத்ததா?" அவ்வளவுதான். மறுபடி தூக்கம்.

ஜூன் 16

திருச்சூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் தாத்தா உடைந்த துப்பாக்கிகளின் பூட்டுகளை ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாராம். "படம் அனுப்பிப் பயனில்லை, பூட்டை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்." விஷயம் தெரிந்தவர்.

என்ஃபீல்டு தொழிற்சாலையில் 1850-களின் கடைசியில் அமெரிக்க இயந்திரங்களை வைத்துச் செய்தவைதான் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. நம்முடையது ஒப்பந்தக்காரர்கள் செய்த டவர் பூட்டு. ஒவ்வொன்றையும் கையால் ராவிப் பொருத்தினார்கள். உள்ளே திருகாணிகளின் தலையில் மூன்று சிறு வெட்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவை என்பதற்குத் தொழிலாளி போட்ட அடையாளம். திருகாணியின் மரையும் அவர்களுக்கே உரிய மரை. விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841-லேயே மரை அளவுகளை ஒழுங்கு செய்யச் சொன்னார், துப்பாக்கிக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 19

பரசுராம் எக்ஸ்பிரஸில் திருச்சூர் போனேன். பையில் பூட்டும் குழலின் அடிப்பகுதிப் படங்களும் மட்டும். கூடவே மாமா வாங்கி வைத்திருந்த கடிதத்தின் நகல். குழலின் அடியை அடைத்துப் பற்றவைத்திருக்கிறது, பழுது பார்த்தாலும் சுடாது, 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. எனக்குத் தெரியும். ரயிலில் பையைத் திறந்து பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமே. கோட்டயம் தாண்டும் வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

பெட்டியில் குதிரைகள் குவியலாகக் கிடந்தன. பூட்டின் உள்ளிருந்து வரும் சதுர முனையில் குதிரையின் சதுரத் துளை உட்கார வேண்டும். அந்தச் சதுரம் ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் குதிரையின் வாய் கேப்பு வைக்கும் காம்பின் மேல் விழாது, முன்னே முட்டும், அல்லது அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொன்றாக மாட்டி, காம்பு இருக்க வேண்டிய இடத்தில் அட்டையில் வரைந்து கொண்டுபோன வட்டத்தோடு ஒப்பிட்டோம். முட்டியது, முட்டியது, நின்றது, முட்டியது. பிறகு ஒன்று, முதுகில் சீப்புப்பல் போன்ற கோடுகள் தேய்ந்து பெருவிரல் பதியுமளவுக்குக் குழிந்திருந்தது, எந்த அழுத்தமும் இல்லாமல் உள்ளே போய் வட்டத்தின் மேல் படிந்தது.

அவர் பணம் வாங்கமாட்டேன் என்கிறார். தம்பியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். தம்பி மஸ்கட்டில்.

ஜூன் 20

பதில் இல்லை.

ஜூன் 21

பதில் இல்லை. தகட்டின் கடைசி எண் நேற்று 1, இன்று கண்டிப்பாக 4.

ஜூன் 23

மாமாவை சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் வேலுத்தம்பியின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் பழைய தெம்பு. அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24

திருச்சூரிலிருந்து செய்தி. தம்பி சம்மதித்துவிட்டாராம், ஒரு நிபந்தனையோடு: விற்கிற துப்பாக்கிக்குக் கொடுக்கமாட்டார்களாம். விற்கமாட்டோம் என்று மாமா கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டுமாம். அத்தான் மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் அதற்குள் போக வேண்டும்.