லெந்து நாட்கள், தாராவி

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் நாள். கோயிலுக்குப் போக முடியவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி முடிக்கவே மணி 11. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

உபவாசக் கூட்டத்தில் அந்த அக்கா மறுபடியும் கேட்டார்கள். "சிஸ்டர், நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?"

மனந்திரும்பி மறுபடியும் பிறந்த நாளைக் கேட்கிறார்கள். எல்லாரிடமும் ஒரு தேதி இருக்கிறது. ஒருவர் நேரம்கூடச் சொல்கிறார். எனக்கு மூன்று மாதத்தில் தூத்துக்குடி மாவட்டத்து எங்கள் ஊர் நாசரேத்தில், தூய யோவான் பேராலயத்தில் ஞானஸ்நானம், 15 வயதில் திடப்படுத்தல், இங்கே வந்து 22 வருஷமாகப் பாடகர் குழு. இதில் எந்த நாளைச் சொல்ல? "தெரியல அக்கா" என்றேன். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 9, ஞாயிறு

யோவான் சுவிசேஷம் 3ஆம் அதிகாரம். யூதத் தலைவர் நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவிடம் வருகிறார். மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார் இயேசு. "ஒரு மனுஷன் முதிர்வயதாயிருக்கையில் எப்படிப் பிறப்பான்?" எங்கள் சபைப் போதகர் ஐயர் இதை வாசித்தபோது வாலிபர் பெஞ்சில் சிரிப்பு. எனக்கு அடிவயிறு கலங்கியது. 46 வயது எனக்கு.

கிரேக்கத்தில் 'மறுபடியும்' என்ற இடத்தில் இருக்கிற சொல் 'ஆனோதென்' என்றார் ஐயர். மறுபடியும் என்றும் அர்த்தம், மேலிருந்து என்றும் அர்த்தம். நிக்கொதேமு முதலாவதைப் பிடித்துக்கொண்டு தாயின் கர்ப்பத்துக்குப் போய்விட்டார். மேலிருந்து என்றால் அது நான் முக்கி முனகிச் செய்கிற காரியம் இல்லை. எந்தப் பிள்ளையும் தன்னைத் தானே பெற்றுக்கொள்வதில்லையே. பெரிய ஆறுதலாக இருந்தது. ராத்திரி வரைக்கும்.

மார்ச் 12

கல்யாணில் இருக்கிற அண்ணன் நம்பரை எடுத்துப் பார்த்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. சந்தெல்லாம் கலர். அம்மா விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவை விரிப்பை நனைத்துவிட்டாள். கத்தினேன். "செத்துத் தொலையேன்" என்று வந்தது. வாய்க்குள் அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நடுங்குகிற கையால் போர்வையின் ஓரத்தை இழுத்து ஈரமான இடத்தின் மேல் போட்டாள். நான் பார்க்கக் கூடாது என்று. போர்வை எட்டவில்லை. மறுபடி இழுத்தாள்.

பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின என்று எத்தனை தடவை பாடியிருப்பேன். எங்கே ஒழிந்தது ஆண்டவரே?

மார்ச் 19, புதன்

மருந்துக் கடைக்குக் குயவர்கள் இருக்கிற கும்பார்வாடா வழியாகப் போனேன். சூளையில் பஞ்சுக் கழிவு எரிகிற புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு பெரியவர் சக்கரத்தில் குடம் வனைந்துகொண்டிருந்தார். கழுத்து எழும்பும்போது ஒரு பக்கம் தொய்ந்தது. அவர் முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. உள்ளங்கையால் அப்படியே அமுக்கினார். அதே மண் சக்கரத்தை விட்டு இறங்கவே இல்லை. பெருவிரலை நடுவில் விட்டார், சின்னதாக ஒரு சட்டி எழும்பி வந்தது. கெட்டுப்போன மண்ணையே குயவன் வேறு பாத்திரமாக வனைகிற எரேமியா 18, கண்ணுக்கு முன்னால்.

ஆனால் என் காலடியில் சுட்ட ஓடுகள் குவிந்து கிடந்தன. அதை எந்தக் குயவனும் குழைக்க முடியாது. அடுத்த அதிகாரமே அதுதான், திரும்பச் செப்பனிட முடியாமல் உடைக்கப்பட்ட கலசம். 18க்கும் 19க்கும் நடுவில் இருப்பது சூளை. நான் சூளைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இதையே நினைத்துக்கொண்டு மருந்து வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா போனில். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாள் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாம், பெயர் கொடுக்கட்டுமா என்று. சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, உன்னை நான் ரெண்டு தடவையா பெத்தேன்?"

மார்ச் 25

மறுபடி ஞானஸ்நானம் எடுக்கலாமா என்று ஐயரிடம் கேட்டேன். ஆராதனையில் சொல்கிற நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது ஒரே ஞானஸ்நானம் என்றார். வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன், காதில் விழுந்ததே இல்லை.

மார்ச் 31, திங்கள்

ஈத். பக்கத்து வீட்டுப் பாபி ஷீர் குர்மா, சேமியாப் பாயசம், கொடுத்தார்கள். அம்மா இரண்டு கரண்டி குடித்தாள். "அண்ணனுக்கு இது உசுரு." அவ்வளவுதான், திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கூட்டத்துக்குப் போகவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிப் படித்தேன். தேதி சொல்கிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, ராத்திரி 9 அடிக்கக் கால் மணி இருக்கும்போது இருதயம் அனலானது. அதற்கு ஏறக்குறைய 10 வருஷம் முன்பே அவர் குருப்பட்டம் வாங்கியவர்! ஆனால் மேலும் படித்தால், 1739 ஜனவரியில் அதே மனுஷன் தன் நாட்குறிப்பில் 'நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல' என்று எழுதியிருக்கிறார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ஏப்ரல் 8

தூக்கமே இல்லை.

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. ஓலைச் சிலுவை ஒன்றை அம்மாவின் தலைமாட்டில் சொருகினேன். நாசரேத் வாசனை அடிக்கிறது என்றாள். வீடு போன பிறகு அவள் ஊர்ப் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பேசினேன்.

ஜெபித்துவிட்டு எடுக்கவில்லை. விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன், கையைப் பாவாடையில் துடைத்தேன், நம்பரை அழுத்தினேன். பேசி 9 வருஷம். எடுத்தது அண்ணனேதான். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. "அம்மா தேடுதா" என்றேன். நிலத்தைப் பற்றி நான் தயார் பண்ணி வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. தேடினாலும் கிடைக்கவில்லை. உடம்பில் அனலும் இல்லை, கண்ணீரும் இல்லை. கையில் சோப்பு வாசனை மட்டும்தான்.

ஏப்ரல் 17

முழுக்குக்கு வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார்கள். எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். மெய்யாகவே ஜெபிப்பார்கள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மனம் முழுக்க நிக்கொதேமு. 3ஆம் அதிகாரத்தில் ராத்திரியில் ஒளிந்து வருகிறார். 7இல் சங்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார். 19இல் எல்லாரும் ஓடின பிறகு இயேசுவின் அடக்கத்துக்கு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து 100 ராத்தல் சுமந்து வருகிறார். இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல், ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம். அவர் எந்த ராத்திரியில் பிறந்தார் என்று யோவான் எழுதவே இல்லை. இத்தனை வருஷம் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்!

ஏப்ரல் 20, ஞாயிறு

விடியற்கால ஆராதனை முடிந்து வந்தேன். அண்ணன் முதல் ரயிலுக்கே வந்திருக்கிறான். முடி முழுக்க நரைத்துவிட்டது. அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தான், ஸ்பூனை ஊதி ஊதி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "இரு, சிந்திடும்" என்றேன்.

இன்னும் இரண்டு நாள் இருப்பானாம். கூடுதலாக ஒரு பாய் வாங்க வேண்டும்.