அம்மாவுக்கு பாஸ்போர்ட்: எல்லாம் அந்த இனிஷியலில்தான்

அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அம்மா போய்வர பாஸ்போர்ட் வேண்டும். ஆன்லைனில் படிவம் நிரப்புவது ஒரு காபி ஆறும் நேரம்தான். ஆனால் பெயரை எப்படிப் போடுவது என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவீர்கள்.

அம்மாவின் ஆதாரில் அப்பாவின் இனிஷியல். பான் கார்டிலோ தாத்தாவின், அதாவது அம்மாவின் அப்பாவின், முழுப்பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் டிக்கெட், விசா என்று வரும்போது ஒற்றைப் பெயர் இடிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று சொல்லி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தியது நினைவிருக்கலாம்.

அப்பா பெயரா, தாத்தா பெயரா? சித்தப்பா வரைக்கும் கருத்து சொன்னார். கல்யாணமான பெண் கணவர் பெயரைத்தான் சர்நேமாகப் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கணவர் பெயருக்குப் படிவத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. கடைசியில் அம்மாதான், "எங்கப்பா பேரே இருக்கட்டும்டா" என்று பஞ்சாயத்தை முடித்தார். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

அதனால் முதலில் ஆதார் மையம். பான் கார்டைக் காட்டிப் பெயரைத் திருத்தி, முகவரியையும் இப்போது எங்களுடன் இருக்கும் வீட்டுக்கு மாற்றினோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் எழுத்துக்கூட்டலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரான கோவிந்தசாமியில் 'சாமி'க்குக் கடைசியில் ஆங்கில எழுத்து ஒய்யா (Y), ஐயா (I) என்பதைப் பான் கார்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். திருத்திய ஆதார் வந்த பிறகுதான் பாஸ்போர்ட் சேவா தளத்துக்கே போனோம். அதே சாயலில் போலித் தளங்களும் இருக்கின்றன, பார்த்துப் போங்கள்.

36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அம்மா 60 தாண்டியவர், முதல் பாஸ்போர்ட் என்பதால் 10 சதவீதம் தள்ளுபடி, 1,350 கட்டினோம். எட்டாவது வரைதான் படித்தவர் என்பதால் ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) விழுமோ என்று அக்காவுக்குக் கவலை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அது விழாது.

பாஸ்போர்ட் சேவை மையத்தில் மூத்தவர்களுடன் ஒருவர் உள்ளே போகலாம். ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ-யில் போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். அம்மாவின் விரல்கள் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்தவை, ரேகை விழவே இல்லை. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் கையை அம்மா கைமேல் வைத்து அழுத்திப் பிடித்து வாங்கினார். நம் பக்கம் திருப்பி ஒரு திரை இருக்கும். அதில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஓடும், அவர் 'ஓகேவா?' என்று கேட்கும்போது தலையாட்டிவிடாமல் வரி வரியாகப் படியுங்கள்.

பி கவுண்டரில் அதிகாரி ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சி-யில் அதைவிடச் சுருக்கம்.

அப்புறம் போலீஸ் விசாரணை. இது படிவத்தில் தற்போதைய முகவரி என்று எதைக் கொடுக்கிறோமோ அங்கேதான் நடக்கும். ஊர் முகவரியையே விட்டிருந்தால் அம்மாவை அதற்காக ஒருமுறை பஸ் ஏற்றியிருக்க வேண்டும். வந்தவர் ஆதாரைப் பார்த்தார், எதிர்வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார், கிளம்பினார்.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்தது. தபால்காரர் என்னிடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மா பூஜையை முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிரித்ததும் முதலில் பார்த்தது அந்த ஒய்யைத்தான். சரியாக இருந்தது. அதைப் பார்த்து அப்படியே தட்டி டிக்கெட்டும் போட்டாயிற்று.