பிரையர்: கடைசிப் படியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை

நேற்று மாலை சித்தியும் தங்கச்சியும் என் கை படாமலே, இணையம் இல்லாமலும் செய்தி அனுப்பும் பிரையர் செயலியில் ஒருவரையொருவர் சேர்த்துக்கொண்டார்கள்! மஸ்கெலியாவில் மழை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு இன்னும் சந்தோஷம் அடங்கவில்லை.

செயலியைப் போடுவது லேசு. என் போனிலேயே ஹொட்ஸ்பொட் திறந்து கொடுக்கலாம், டேட்டா வேண்டாம். பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

மாட்டியது கியூஆரில்தான். ஹொட்ஸ்பொட்டில் சேர ஒன்று, செயலியை இறக்க ஒன்று, அப்புறம் ஆளைச் சேர்க்க இன்னொன்று. முதல் இரண்டுக்கும் ஒருவர் பார்த்தால் போதும். மூன்றாவதற்கு இரண்டு பேரும் பார்க்க வேண்டும். சித்தி தன் பக்கம் பிடித்ததும், "சரி, முடிஞ்சிருச்சு" என்று போனை மடியில் கவிழ்த்துவிடுவார். தங்கச்சி எதைப் பிடிப்பாள்? குறியாக்கம், சாவி என்று நான் விளக்கியதெல்லாம் வீண்.

எதிரெதிரே உட்கார வைத்ததும் தவறு. கெமரா போனின் பின்பக்கம். காட்டுவதற்குத் திருப்பும்போது விரல் பட்டுத் திரை மாறிவிடும். நேற்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்: "நீங்க பாருங்க. அப்புறம் அவங்களுக்குக் காட்டுங்க. பேர் வரும்வரை போனைக் கீழே வைக்காதீங்க." முதல் தடவையே சேர்ந்துவிட்டது. செயலியே அந்த இடத்தில் "இன்னும் பாதிதான்" என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். உருவாக்குபவர்களுக்கு எழுதப்போகிறேன்.

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும் வட்ஸ்அப்பை முடக்கினார்கள். கொழும்பிலிருந்த தங்கச்சியிடமிருந்து ஒரு வரி வராமல் சித்தி தவித்தது எனக்குத் தெரியும். பிரையர் இணையத்தில், முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் டோர் வலையமைப்பு வழியாகப் போகும். இணையமே இல்லாவிட்டாலும் பக்கத்து லயம்வரை புளூடூத் இருக்கிறது.

ஒரு குறை, இரண்டு போனும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் செய்தி சேரும். அதற்கு, செய்தியை வாங்கி வைத்திருந்து பிறகு கொடுக்கும் மெயில்பாக்ஸ் செயலி இருக்கிறது. ஒரு பழைய அன்ட்ரொய்ட் போனில் அதைப் போட்டு, சிக்னல் கிடைக்கும் என் வீட்டில் சார்ஜரிலேயே வைக்க நினைக்கிறேன். கியூஆரைக் காட்டுவது அந்தப் போன், பிடிப்பது நம் போன். ஆகவே கெமரா பழுதானாலும் பரவாயில்லை. ஹட்டன் ரிப்பேர் கடையில் அப்படியொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா இன்னும் பாக்கி. அவருக்கு மகன் அனுப்பியது ஐபோன்; பிரையர் அதில் ஓடாது.