வெளியில் வரைந்து பழகும் சித்திர மாணவருக்கு: முதலில் நிழலைப் பிடியுங்கள்

உயர்தரச் சித்திரத்துக்கும் பல்கலைக்கழகக் கட்புலக்கலைச் செயன்முறைத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர் போட்டோவைப் பார்த்தே வரைந்து பழகுகிறார்கள். போட்டோவில் நிழல் அசையாது. தேர்வு மண்டபத்தில் ஜன்னல் வெளிச்சம் நகரத் தொடங்கியதும் கை தடுமாறுவது அதனால்தான். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மருந்து கடற்கரையிலேயே கிடைக்கிறது.

காலை 6.30 முதல் 8.30 வரை டச்பே கடற்கரை மணலில் இருந்து, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையை வரையுங்கள். கடலைப் பார்த்த பாறைமுகத்தில் அப்போது வெயில் நேராக விழும். பிற்பகலில் அதே முகம் நிழலுக்குள் போய்விடும். மாலை 4 மணிக்குப் பிறகு உட்துறைமுக வீதிப் பக்கம் நல்லது. வெயில் எதிரே இருப்பதால் படகுகள் கருமையாக, வடிவம் தெளிவாகத் தெரியும். நண்பகலை விட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் இங்கே சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே வருவதால், வரைவதற்கு நிழலே இருக்காது.

பென்சிலால் நிழலின் ஓரத்தைக் குறித்ததும், நிழல் முழுவதையும் ஒரே பூச்சில் போடுங்கள். அல்ட்ராமரின் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் போதும், கறுப்பு வேண்டாம். இதை முதல் 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பிறகு வெயில் எங்கே போனாலும் நிழலைத் திருத்தாதீர்கள். திருத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் தெரியும்.

கடதாசி 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடிப்புள்ள நீர்வர்ணத் தாளாக இருக்கட்டும். மெல்லியது நனைந்ததும் அலையலையாக எழும்பி, பள்ளத்தில் வர்ணம் தேங்கும். தாளில் வெயில் படாதபடி உட்காருங்கள். வெயிலில் தாள் கண்ணைக் கூசுவதால் வர்ணத்தைத் தேவைக்கு மேல் கடுமையாக்கிவிடுவீர்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கடல்நீரில் தூரிகையைத் தோய்த்தால் உப்பு வர்ணத்தை இழுத்துப் புள்ளிபுள்ளியாக்கும். ஈரக்காற்றில் தாளும் சரியாகக் காயாது.

அடிக்கடி பிழையாவது அடிவானம். அது எப்போதும் உங்கள் கண்மட்டத்தில்தான் இருக்கும். சமமான மணலில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், நிற்கும் பெரியவர்களின் தலை, கிட்டவோ தூரவோ, அடிவானத்துக்கு மேலேதான் வரும். நின்று கரைவலை இழுப்பவர்களின் தலையை அதற்குக் கீழே வரைந்தால், நீங்கள் மரத்தில் ஏறியிருந்து பார்த்ததுபோல் இருக்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களை வரையும்போது ஒரே தாளில் நாலைந்து நிலைகளைத் தொடங்கி வையுங்கள். மான் திரும்பவும் அதே நிலைக்கு வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆசிரியர்களுக்கு: எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். முதல் நாள் வர்ணமே வேண்டாம். 4பி பென்சிலால், உள்ளங்கையளவு கட்டத்துக்குள் வெளிச்சம், நடுத்தரம், இருள் என்ற மூன்றை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் படத்தில் கைவைக்காமல் உங்கள் தாளின் ஓரத்தில் வரைந்து காட்டுங்கள். கோட்டையிலும் துறைமுகத்திலும் படையினரின் பகுதிகள் இருப்பதால், பலகையை விரிக்க முன்னர் அனுமதி கேட்டுவிடுங்கள்.