படபடப்பை விடச் சோர்வுதான் பெரிசு

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் (ஏஎஃப்), அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது படபடப்பைப் பற்றித்தான். எனக்கு ஏஎஃப் நிரந்தரமாகிப் பல வருஷம் ஆகிறது. படபடப்பு பழகிவிட்டது. இன்னும் பழகாதது சோர்வு.

எனக்கு இதெல்லாம் ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த தொண்டைவலியில். கூடவே காய்ச்சல், முட்டி வீக்கம். அது ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அந்தக் காய்ச்சல் தொட்ட, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு உள்ளுக்குள் மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கியதில்தான் விஷயம் வெளியே வந்தது. பிறகு பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் ஏஎஃப் வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் இது இந்த வழியாகத்தான் வந்திருக்கும். வயசு, ரத்தக்கொதிப்பு, குறட்டை என்று எழுதும் கட்டுரைகளில் எங்களைப் பற்றி அவ்வளவாக இருக்காது.

முதலில் அது வந்து வந்து போகும். நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது மாதிரி என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை, வாயுத் தொல்லை என்றே தோன்றும். இடது பக்கம் படுத்தால் தலையணையில் தாறுமாறாகக் கேட்கும். இன்னொன்று, படபடப்பு வந்தாலே அடிக்கடி சிறுநீர் வரும். சர்க்கரையோ என்று வீட்டில் பயந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. மேலறை விரியும்போது சுரக்கிற ஒரு ஹார்மோன் செய்கிற வேலை அது என்று பிறகு தெரிந்தது.

ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள். கொஞ்ச நாள் நின்றது, திரும்ப வந்துவிட்டது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இடது மேலறை 5 சென்டிமீட்டரைத் தாண்டி வீங்கியிருந்தது. சாதாரணமாக 4-க்குள் இருக்க வேண்டியது. "இனிமே தாளத்தோட மல்லுக்கட்ட வேண்டாம்மா, வேகத்தை மட்டும் அடக்கி வெச்சுக்குவோம்" என்றார் டாக்டர். அன்றைக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு, 'இன்றைக்குச் சரியாகிவிடுமா' என்று நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிற வேலை நின்றுபோனது.

மூச்சு ஏன் வாங்குகிறது என்று புரிந்ததுதான் எனக்குப் பெரிய உதவி. மேலறையிலிருந்து நிமிஷத்துக்கு 350-க்கு மேல் தாறுமாறான மின்துடிப்புகள் கிளம்பும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்துடிப்பைக் கடத்தும் கணு பாதிக்கு மேல் தடுத்துவிடும். தப்பி வருவதே மாத்திரை இல்லையென்றால் 130, 140 என்று போகும். என் வால்வோ குறுகல். புனல் வைத்து எண்ணெய் ஊற்றும்போது அவசரப்பட்டால் மேலேயே தேங்கும் இல்லையா, அதே கதைதான். இரண்டு துடிப்புக்கு நடுவில் நேரம் குறைந்தால் ரத்தம் கீழறைக்கு இறங்காமல் நுரையீரல் பக்கம் தேங்கும். அதனால் மாடிப்படியில் பாதியில் நிற்பதை நான் இப்போது வெட்கமாக நினைப்பதில்லை. நின்றால் வேகம் இறங்கும், இறங்கினால் மூச்சு வரும்.

சோர்வைத்தான் யாருக்கும் விளக்க முடியவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போடக் கையைத் தூக்கினாலே உடம்பு விட்டுப்போகும். குளித்துவிட்டு வந்து ஒரு கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். நாத்தனார் வந்திருந்தபோது, "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க அண்ணி" என்றாள். அவள் மேல் தப்பில்லை. முகத்தில் எதுவும் தெரியாதுதான். இப்போது பெரிய வேலை எல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள். மாவரைத்த அன்றைக்குத் துணி இல்லை.

மாத்திரையும் சோர்வைக் கூட்டும். வேகத்தை அடக்கும் மெட்டோப்ரோலால் காலையில் போட்டால் மதியம் வரை தூக்கக் கலக்கம். டாக்டரிடம் சொன்னபோது இரவுக்கு மாற்றிக் கொடுத்தார், கொஞ்சம் தேவலை. அதே வேலைக்கான டிகாக்சின் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு அதற்கு லீவு. பசி சுத்தமாக நின்று குமட்டல் வந்தாலோ, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ டிகாக்சின் உடம்பில் அதிகமாகிவிட்டதா என்று உடனே காட்ட வேண்டும்.

வீட்டு பி.பி. மெஷினை நம்பிப் பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துடிப்பு ஒழுங்கில்லாதபோது அது ஒரு தடவை 78 காட்டும், அடுத்த தடவை 104, அப்புறம் எரர் என்று நிற்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்கச் சொன்னார்கள். மணிக்கட்டில் நாடி பிடித்தால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது எங்களுக்குச் சரிவராது. அப்படி எண்ணினாலும், பலவீனமான துடிப்புகள் கை வரை வந்து சேராது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் எண்ணுவது பெரும்பாலும் கூடத்தான் இருக்கும்.

மேலறையில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாயங்காலம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில். கீரையே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். எனக்குச் சொன்னது வேறு: சாப்பிடுகிற அளவை மாற்றாதே. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். மூட்டுவலிக்குக் கடையில் தரும் டைக்ளோஃபினாக் வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதினால் ஐஎன்ஆர் ஏறும் என்று நாமே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

சொந்தத்தில் ஒருவருக்கு வால்வு கோளாறு இல்லாத ஏஎஃப். அவர் ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் என்ற புது வகை மாத்திரை போடுகிறார், ரத்தப் பரிசோதனைத் தொல்லை இல்லை. எனக்கும் அப்படி ஒன்று கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் வால்வு நோயோடு ஏஎஃப் இருந்த 4,500-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார்கள். புது வகை மருந்தான ரிவரோக்சபானை விட, அசிட்ரோம் வகையைச் சேர்ந்த பழைய மாத்திரை போட்டவர்களிடம்தான் மரணம் குறைவு. அதோடு அந்த ஆசையை விட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு மாசாமாசம் ஊசிக் குத்துதான்.

எதற்கு ஆஸ்பத்திரி என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஓய்வாக உட்கார்ந்தும் நாடி 120-க்குக் கீழே வரவில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, மயக்கம், நெஞ்சுவலி என்றால் தாமதிக்கக் கூடாது. வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால் நேராக 108. சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரவே கூடாது. அது பக்கவாதம்; மூளைக்குப் போய் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஐஎன்ஆர் 1.7-க்கு மேல் இருந்தால் அந்த ஊசியைப் போடமாட்டார்கள். கட்டியைக் குழாய் விட்டு எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். நாமோ 2-க்கு மேல் வைத்துக்கொள்ளத்தான் மாத்திரையே போடுகிறோம். அதனால் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: என்ன வால்வு நோய், என்ன மாத்திரை, கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, எந்தத் தேதி. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பிறகு கடைசி வரியை மட்டும் மகன் அடித்துத் திருத்தி எழுதிவிடுவான்.