ஆய்வேட்டிலிருந்து அமைச்சுக்கு

1991 ஜூன் மாதத்தில் இந்தியாவின் நிதியமைச்சராகப் பதவியேற்க அழைக்கப்பட்டபோது மன்மோகன் சிங் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் பெறுமதி இரு தடவை குறைக்கப்பட்டது; 24ஆம் திகதி வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஐந்து வாரங்களுக்குள் இத்தனையும் எப்படி முடிந்தது என்று யாழ்ப்பாணத்தில் என்னிடம் பொருளியல் படிக்கும் மாணவர்கள் கேட்பதுண்டு. கையிருப்பிலிருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமாயிருந்ததும், பிரதமர் நரசிம்ம ராவ் பின்னால் நின்றதும் காரணங்கள்தாம். ஆயினும் நான் முதலில் சொல்வது அவருடைய ஒக்ஸ்போர்ட் கலாநிதிப்பட்ட ஆய்வைப் பற்றி. இந்தியாவின் ஏற்றுமதியை ஆராய்ந்த அந்த ஆய்வு, ஏற்றுமதியை நம்பிப் பயனில்லை என்ற அக்காலக் கருத்தை 1960களின் தொடக்கத்திலேயே மறுத்தது. பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் டெல்லி பொருளியல் கல்லூரியிலும் கற்பித்து, ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்த ஒருவர் முப்பது ஆண்டுகளாகச் சிந்தித்த கேள்வியே கோப்பாக அவர் மேசைக்கு வந்தது.

பதவியில் இருப்பவர்களுக்குச் சிந்திக்க நேரம் கிடைப்பதில்லை. வட மாகாண சபை இயங்கிய காலத்தில் ஆலோசகராகப் பணியாற்றியபோது இதை நேரில் கண்டேன். ஆய்வுக் கட்டுரையை, மேலும் தரவுகள் தேவை என்று எழுதி முடிக்கலாம். அங்கே மாலைக்குள் ஒரு தொகையைச் சொல்லியாக வேண்டும். முன்பே படித்து வைத்ததுதான் அப்போது கைகொடுத்தது.

கோப்பாய்ப் பக்கம் நடந்த விவசாயிகள் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர், அன்று காலை பிடுங்கிய சின்ன வெங்காயப் பிடியொன்றை இலைகளோடு என் முன்னால் வைத்தார். செம்மண் கோப்பின் மேல் உதிர்ந்தது. "சேர், எங்கட வெங்காயம் சந்தைக்கு வாற நேரம் பார்த்துத்தான் வெளிநாட்டு வெங்காயமும் வந்து இறங்குது. தீர்வையைக் கூட்டச் சொல்லி எழுதுங்கோ" என்றார். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் நிழலில் மிளகாயும் வெங்காயமும் செய்து தலைநிமிர்ந்து, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் விலை வீழ்ச்சியைச் சந்தித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆகவே, வர்த்தகக் கொள்கை ஒரு தோட்டத்தை என்ன செய்யும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். ஆனால் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி விவசாயம் மாகாண அதிகாரங்களின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகமும் சுங்கத் தீர்வையும் கொழும்பிலுள்ள மத்திய அரசிடம் இருக்கின்றன. விலை ஏறும்வரை அறுவடையை வைத்திருக்கச் சேமிப்புக் கொட்டில்கள், நல்ல விதை வெங்காயம் என மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றைப் பற்றியே என் குறிப்பை எழுதினேன். தீர்வையைப் பற்றிய ஒரு பந்தியையும் சேர்த்தேன், அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால்.

கற்பித்தலுக்குத் திரும்பிய பின்னர் என் பாடம் மாறிவிட்டது. கொள்கை விதந்துரை எழுதும் மாணவர், அதை நிறைவேற்றும் அதிகாரம் எந்தப் பட்டியலில் உள்ளது, பணம், மாகாணங்களுக்கான நிதியைச் சிபாரிசு செய்யும் நிதி ஆணைக்குழுவின் வழியாக வருமா, வேறு வழியுண்டா என்பதையும் எழுத வேண்டும். இது நிருவாகம், பொருளியலாகாது என்று சக விரிவுரையாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. யார் செய்ய முடியும் என்று தெரியாமல் சொல்லப்படும் சிறந்த யோசனை அந்த விவசாயிக்கு எந்த வகையிலும் உதவாது. இவ்வாண்டு மாணவர்கள் விதை வெங்காயச் சேமிப்பின் செலவை மாகாணம் ஏற்பதா, கூட்டுறவுச் சங்கம் ஏற்பதா என்பதைக் கணக்கிட்டு வருகிறார்கள்.